நோம்பி சாட்டும் முன் கற்ற பேச்சு

நம் ஓய்வூதியர் சங்கத்தின் போன மாதக் கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்ததை நான் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

பொருளாளர் தன் பேரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பேரன் ஜெர்மனியில் பிறந்தவன். போனில் தாத்தாவும் பேரனும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். "நமக்கு இந்த வயசுல எங்கீங்க ஏறும்? மண்ட காஞ்சு போச்சு. சின்னப் புள்ளைங்கதான் ஈர மண்ணு. அவனே தமிழ் படிச்சுட்டு வரட்டும்" என்றார். முன்னாள் தாசில்தார் தலையாட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். பணிக்காலத்தில் அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். நான் மராத்தி படிப்பதாக அப்போதுதான் சொன்னேன். "எதுக்குங்க அம்மிணி, எமன்கூடப் பேசறதுக்கா?" என்று கேட்டவர் யார் என்று எழுதினால் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். அவருக்கே தெரியும்.

பிறகு சங்க மலருக்கு "சின்ன வயசு ஞாபகமா, இனிப்பா ஏதாவது" எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். இனிப்பு உங்களில் பாதிப்பேருக்கு ஆகாது. ஆகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நாமக்கல்லிலிருந்து டவுன் பஸ் போகும் தூரம். வீட்டை ஒட்டி லாரி ஷெட். அதற்கு அப்பால் கடலைக்காடு. காலையில் கண் விழித்தால் ஒரு மூக்கில் டீசல், மறு மூக்கில் எருமைச் சாணம். அப்பாரு, அதாவது என் அப்பாவைப் பெற்றவர், காட்டை உழுதுகொண்டே லாரித் தொழிலுக்கு வந்தவர். வாயைத் திறந்தால் அதுதான் தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. என் அப்பா லாரிகளைப் பார்த்துக்கொண்டார். சித்தப்பாவை நாக்பூரில் புக்கிங் ஆபீசில் உட்கார வைத்திருந்தார்கள். இங்கிருந்து போகும் லாரிகளுக்கு அங்கே திரும்புகால் சரக்கு பிடித்துக் கொடுப்பது அவர் வேலை. அவர் தனக்கென்று ஒரு மராத்திக்காரப் பெண்ணையும் பிடித்துக்கொண்டார். அந்தத் திருமணத்தை அப்பாரு அங்கீகரிக்கவில்லை. சித்தப்பா மஞ்சள் காமாலையில் செத்துப்போனதை மட்டும் வேறு வழியில்லாமல் அங்கீகரித்தார்.

காரியத்துக்குப் போன அப்பாருவும் அப்பாவும் திரும்பி வந்தபோது லாரியின் கேபினிலிருந்து ஒரு சின்னப் பெண்ணை இறக்கினார்கள். சித்தப்பா மகள். எனக்குத் தங்கச்சி. பள்ளிக்கூடம் சேர்க்கும் வயது இன்னும் வரவில்லை. கையில் ஒரு நீல எனாமல் குவளை. விளிம்பில் கொஞ்சம் உடைந்து கறுத்திருந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். குலதெய்வத்தின் கோயிலில் காது குத்திவிட்டுக் கொண்டுவந்து விடுகிறோம் என்று அவள் அம்மாவிடம் சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். டிரைவர்தான் அதை இந்தியில் சொன்னவர். பாதியைச் செய்தார்கள். காது குத்தினார்கள்.

காது குத்துவதற்கு நம் பக்கத்தில் ஒரு நடைமுறை உண்டு. பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமன் இல்லாமல் ஊசி எடுக்கமாட்டார் ஆசாரி. தங்கச்சியை என் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். "அவ அம்மா நாதியத்தவ. கூடப் பொறந்தவன் எவனும் கெடையாது" என்று அப்பாரு சொன்னார். ஆசாரி நம்பினார், கோயில் நம்பியது, சாமியும் நம்பியிருக்க வேண்டும். தங்கச்சி "கான் துக்தோ, கான் துக்தோ" என்று அலறினாள். காது வலிக்கிறது என்று எங்களுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரத்தம் தெரிந்தது.

அன்று சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து அப்பாரு திட்டத்தைச் சொன்னார். ஒளித்து மறைத்தெல்லாம் இல்லை. பெண்டுபிள்ளைகள் காதில் விழும்படிதான் பேசினார்.

"இது எம்பட பையனோட ரத்தம். அனுப்ப முடியாது. அவ வந்து கேப்பா. வரட்டும். அதுக்குள்ள புள்ளைக்கு அந்தப் பேச்சு மறந்துபோவோணும். சின்னப் புள்ள, சீக்கிரம் மறந்துரும். அப்பறம் ஊரு முன்னால வெச்சு, 'இது உங்கொம்மாளா'ன்னு கேட்டா, புள்ளையே முழிக்கும். நாம எதுக்கு இல்லைங்கோணும்?"

நீதிமன்றத்தில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவள் நான். எத்தனையோ மோசடிகளைப் பதிவு செய்திருக்கிறேன். சாட்சியை மிரட்டுவார்கள், விலைக்கு வாங்குவார்கள். சாட்சியின் மொழியையே எடுத்துவிடும் யோசனை அப்பாருவுக்குத்தான் வந்தது. அவர் மூன்றாம் வகுப்பு.

திட்டத்தின் விதிகள் எளிமையானவை. எங்கள் டிரைவர்களில் பாதிப்பேருக்கு இந்தி தெரியும். பிள்ளை முன்னால் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பிள்ளை தமிழில் கேட்டால் சோறு. வேறு எதில் கேட்டாலும் காது கேட்காது. அந்த நீலக் குவளையை வைத்துக்கொண்டு ஏதோ பேர் சொல்லிப் பேசுகிறாள் என்று அதையும் பிடுங்கிக் கிளீனரிடம் கொடுத்துவிட்டார்கள். அது ஷெட்டில் ஏதோ ஒரு லாரியின் அடியில் ஆயில் சொட்டுக்கு வைக்கப்பட்டது. தங்கச்சி ஷெட் வாசலில் நின்று அதையே பார்ப்பாள். தெருப்பிள்ளைகள் அவள் பேச்சைத் திருப்பிச் சொல்லிச் சிரிக்கும். பெரியவர்கள் சிரித்ததைப் பார்த்துத்தான் பிள்ளைகள் சிரித்தன.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. பெரியத்தையிடம் விட்டார்கள். அப்பாருவின் மூத்த மகள், ஐம்பதை நெருங்கியவள். பிள்ளை இல்லை என்று புருஷன் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொள்ள, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். எருமை அவள் பொறுப்பு, கோழி அவள் பொறுப்பு, பழையதும் அவள் பொறுப்பு. விசேஷங்களில் முன்னால் வரமாட்டாள். அவளைத் தேர்ந்தெடுத்ததற்கு அப்பாரு சொன்ன காரணத்தை அப்படியே தருகிறேன்: "அவகிட்டயே இருக்கட்டும். ஏழு கழுத வயசாச்சு. அவளுக்குத் தமிழே திருத்தமா வராது. அவளா மராட்டி பேசப்போறா?"

இந்த இடத்தில் பொருளாளர் தலையாட்டுவார். மண்டை காய்ந்துவிட்டது அல்லவா.

முதல் சில வாரங்கள் பெரியத்தை தங்கச்சியை எருமைக் கொட்டகைக்கு அழைத்துப்போய்விடுவாள். அங்கே அப்பாருவின் சட்டம் எட்டாது. காதில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டே, "கான் துக்தோவா சாமி?" என்று கேட்பாள். தங்கச்சி அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்ப்பாள். வீட்டில் அவளுக்குப் புரியும்படி வாய் திறந்த ஒரே மனுஷி. அதற்குப் பிறகு பெரியத்தை எருமையைக் காட்டுவாள், வாலைக் காட்டுவாள், வைக்கோலைக் காட்டுவாள். பிள்ளை பேர் சொல்லும். பெரியத்தை தப்பாகத் திருப்பிச் சொல்வாள். தங்கச்சி குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். "சிரி சாமி, நல்லாச் சிரி. எங்கே, மறுக்கா ஒருதரம் சொல்லு" என்பாள் பெரியத்தை. எருமை அசைபோடும். எத்தனை தடவை தப்பாகச் சொன்னாலும் அவளுக்கு வெட்கம் வராது. அந்த வீட்டில் அவளுக்கென்று மரியாதை ஏதும் மிச்சம் இருந்தால்தானே அது போகுமோ என்று பயப்பட வேண்டும்?

இதை நான் வெகுகாலம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன், உங்களைப் போன்றவர்களோடு பழகிய பிறகு. ஒரு கோழிப்பண்ணைப் பீகாரிப் பையன் முன்னால் இந்தியில் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்ல நம் முன்னாள் தாசில்தாரால் முடியாது. வாயே திறக்கமாட்டார். அப்புறம் வயசு மேல் பழி.

வேர்க்கடலை ஒரு தடவை விளைந்து பிடுங்கி, மறுபடி விதைத்தாயிற்று. அதற்குள் தங்கச்சி எங்களைவிட நன்றாகப் பேசினாள். "ஏனுங்க அப்பாரு, சந்தைக்குப் போறீங்ளா?" என்று அவள் கேட்டபோது அப்பாரு ஊரெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எவ்வளவு சூட்டிகையான பிள்ளை, எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டது! எவ்வளவு சீக்கிரம் விட்டது என்று யாரும் பேசவில்லை. பெரியத்தை கொட்டகையில் மராத்தியில் ஏதாவது கேட்டால் தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "அப்படிப் பேசாதத்தை. எல்லாரும் சிரிப்பாங்க." கொஞ்ச நாளில் அவளுக்குப் புரியாமலே போய்விட்டது. "என்னத்தை சொல்றே?" என்பாள். பெரியத்தை மட்டும் நிறுத்தவில்லை. கோழிகளிடம் பேசினாள். எருமையைத் திட்டுவது முழுக்க மராத்தியில்தான். கிழவிக்குக் கழன்றுவிட்டது என்று என் அம்மா சொன்னாள்.

நாக்பூரிலிருந்து தங்கச்சியைப் பெற்ற அந்த அம்மா புரட்டாசியில் வந்தாள். கடிதங்களுக்கு இங்கிருந்து பதில் வராமல், வழி தெரியாமல், கடைசியில் யாரோ ஒரு லாரிக்காரர் தயவில் வந்து சேர்ந்திருந்தாள். வாசலில் நின்றவளைப் பார்த்ததும் அப்பாரு அசரவில்லை. உள்ளே விடவும் இல்லை. "ஊரு பேசட்டும்" என்றார். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மறுநாள் காலை மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். மூத்தவர் ஒருவர் நடுவில். வழக்கு என்ன என்று எழுதவில்லை, எதிர்தரப்புக்கு நேரம் தரவில்லை. மொழிபெயர்ப்பாளராக எங்கள் டிரைவரையே நிறுத்தினார்கள். வழக்கில் சம்பந்தம் இல்லாதவர்தான் மொழிபெயர்க்க வேண்டும்; அதற்கு உறுதிமொழி எடுக்க வேண்டும். இவர் எங்கள் சம்பளம் வாங்குகிறவர். மரத்தடியில் எனக்கு இதெல்லாம் தெரியாது. பாவாடையை இழுத்து மூடிக்கொண்டு மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி பெரியத்தையின் சேலைக்குள் ஒண்டியிருந்தாள்.

அந்த அம்மா தங்கச்சியைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள். தங்கச்சி ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பெரியத்தையின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். அப்பாரு வெற்றிலையை மடித்தார்.

அந்த அம்மா பெரியவர்கள் பக்கம் திரும்பி இந்தியில் ஆரம்பித்தாள். அழுகை வந்ததும் அது மராத்தியாகிவிட்டது. நீளமாகப் பேசினாள். பேசி முடித்ததும் எல்லோரும் டிரைவரைப் பார்த்தார்கள். டிரைவர் அப்பாருவைப் பார்த்தார்.

"அவிய புருசனோட பங்கு கேக்கறாங்க. லாரில பங்கு, காட்டுல பங்கு."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மூத்தவர், "அதான பாத்தேன்" என்றார்.

"பங்குங்கற பேச்சே அவ வாயில வரலீங்க."

சொன்னது பெரியத்தை. அந்த மரத்தடியில் அவள் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"நீ சும்மா இரு" என்றார் அப்பாரு.

"இருக்கறனுங்க. ஆனா அவ அதைக் கேக்கல. புள்ளைக்கு முடி யாரு வாரி உடறாங்கன்னு கேட்டா. சிக்கு எடுக்கறப்ப அழுவுமே, யாரு தூக்கி வெச்சுக்கறாங்கன்னு கேட்டா." அதோடு நிறுத்தியிருந்தால் பெரியவர்கள் இரக்கப்பட்டுவிட்டுக் கலைந்திருப்பார்கள். இரக்கத்துக்கு நம் ஊரில் செலவு கிடையாது. பெரியத்தை மேலே போனாள். "அப்பறம் ஒண்ணு கேட்டாளுங்க. காதுல தோடு இருக்குதே, நாள் குறிச்சு எங்கண்ணனுக்குச் சொல்லி அனுப்பறோம்னீங்களே, அவரு இல்லாம எப்படிக் குத்துனீங்கன்னு. அவளுக்குக் கூடப் பொறந்தவன் இருக்கறானாமுங்க. நாக்பூர்லயே."

தாயை ஏமாற்றிப் பிள்ளையைத் தூக்கி வந்ததைப் பற்றி அந்த மரத்தடியில் யாருக்கும் உறுத்தல் இல்லை. தாய்மாமன் இருக்கும்போது வேறு ஒருவன் மடியில் வைத்துக் காது குத்தியது வேறு விஷயம். ஆசாரி எழுந்து நின்றுவிட்டார். "ஏனுங்க, நாதியத்தவன்னு சொல்லித்தானுங்களே என்னய ஊசி எடுக்கச் சொன்னீங்க? சாமி முன்னால வெச்சு?"

"இவ சொல்றத நம்பறியா? இவளுக்கு என்ன மராட்டி தெரியும்?" அப்பாருவின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "எருமைக்குச் சொல்லிக் குடுத்தாளா, எரும இவளுக்குச் சொல்லிக் குடுத்துச்சா?"

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மூத்தவர் பெரியத்தையைக் கிட்டே கூப்பிட்டார். அவள் காதோடு ஏதோ சொன்னார். பெரியத்தை அந்த அம்மாவிடம் போய், தயங்கித் தயங்கி, நடுவில் ஒரு சொல்லுக்காக மூச்சை நிறுத்தி, மராத்தியில் அதைச் சொன்னாள். அந்த அம்மா முகத்தை நிமிர்த்தினாள். யாரோ தன் வீட்டுக் கதவைத் திறந்ததுபோல் அவளைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்துபோய், மூத்தவர் பக்கத்திலிருந்த செம்பை எடுத்து, கோயில் படியில் வைத்தாள்.

"அதத்தான் சொன்னேன்" என்றார் மூத்தவர். அழுதுகொண்டிருக்கும் ஒரு தாயைச் செம்பு தூக்கி வைக்கச் சொல்லிச் சோதித்தது சரியா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பார்த்த மொழித்தேர்வுகளில் அது ஒன்றுதான் நேர்மையானது.

டிரைவர் மெதுவாகப் பின்வாங்கி லாரிப் பக்கம் போய்விட்டார்.

அப்பாருவிடம் ஒரு பிடி பாக்கி இருந்தது. "செரி. புள்ளையக் கேளுங்க. எவகூடப் போவுதுன்னு." கேட்டார்கள். தங்கச்சி பெரியத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "நான் அத்தைகூடவே இருக்கறனுங்க" என்றாள்.

பெரியத்தை அதையும் அந்த அம்மாவுக்குச் சொன்னாள். ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள் என்பது அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்தது. பெரியத்தைக்கு இந்த வழக்கில் சம்பந்தம் இருந்தது. அந்தத் தாயைத் தவிர, அவளைவிட அதிகச் சம்பந்தம் உள்ளவர்கள் யாரும் அங்கே இல்லை. அவளை அத்தை என்று கட்டிக்கொண்ட ஒரே பிள்ளை அது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் பிள்ளை அவளுக்கு.

"புள்ளைக்கு அவிய பேச்சு மறந்துபோச்சுங்க" என்றாள் பெரியவர்களிடம். "தானா மறக்கல. நாம மறக்கடிச்சோம். அந்தப் பேச்ச வெச்சுத் தீர்ப்புச் சொல்லாதீங்க."

மூத்தவர் இரண்டு பக்கமும் சாய்ந்த ஒரு தீர்ப்பைச் சொன்னார். நீதிமன்றத்தில் இதை இடைக்கால உத்தரவு என்போம். ஐப்பசியில் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா. தண்டோராப் போட்டு நோம்பி சாட்டிவிட்டால் ஊரைச் சேர்ந்தவர்கள் ராத்தங்க வெளியே போகக்கூடாது. அன்னியர் உள்ளே தங்கக்கூடாது. அதற்குள் அந்த அம்மா பிள்ளையோடு பேசிப் பழகி, பிள்ளையே மனசு வந்து போனால் கூட்டிக்கொண்டு போகலாம். போகாவிட்டால் பிள்ளை ஊர்ப் பிள்ளை.

அப்பாரு சம்மதித்தார். உடனே சம்மதித்தார். "பேசட்டும், பேசட்டும். புள்ளைக்கு அந்தப் பேச்சு வராது. இவளுக்கு நம்ம பேச்சு வரவா போவுது? வளந்த கழுத." அவர் வாழ்க்கையில் ஒரே தப்பை இரண்டு தடவை செய்தது அப்போதுதான். அவர் கணக்கில் பெரியத்தை ஒரு விபத்து. விபத்து இரண்டாம் தடவை நடக்காது என்று லாரிக்காரர்கள் மட்டும்தான் நம்புவார்கள்.

வீட்டுக்குள் விடவில்லை. பெரியத்தை லாரி ஷெட்டின் மூலையைக் கழுவிவிட்டு, படுதாவைக் கட்டி, அந்த அம்மாவை அங்கே இருத்தினாள். சிமெண்டுத் தரையில் ஊறிய ஆயில் வாடை எத்தனை சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சாமான்களை ஒதுக்கும்போது அந்த அம்மா லாரிக்கு அடியிலிருந்து நீலக் குவளையை எடுத்தாள். ஆயில் கெட்டியாகிக் கருப்பாகப் பிடித்திருந்தது. மண்ணெண்ணெயும் சாம்பலும் போட்டு அன்று முழுக்கத் தேய்த்தாள். நீலம் வந்தது, பழைய நீலமாக வரவில்லை.

படிப்பு கடலைக்காட்டில் நடந்தது. பிடுங்கிய செடிகளைக் குவித்து வைத்துக்கொண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கடலை ஆய்வார்கள். அந்த அம்மாவும் நடுவில் உட்காருவாள். பெரியத்தை காதில் ஒரு சொல்லைப் போடுவாள். அந்த அம்மா அதை உரக்கச் சொல்வாள். வட்டம் முழுக்க விழுந்து விழுந்து சிரிக்கும். அவள் முகம் சிவக்கும், மறுபடி சொல்வாள். விரல்நகத்தில் செம்மண்ணும் கடலைப் பாலும். என் அம்மாவும் அந்த வட்டத்தில் இருந்தாள். "ஏம் அம்மிணி, 'தண்ணி'ய இந்தப் போடு போடறயே, பாவம், அது என்ன பண்ணுச்சு?" என்பாள். கிண்டல்தான். ஆனால் கிண்டலுக்காவது அவளோடு பேசினார்கள். முழு வாக்கியமாகப் பேசினார்கள். பிள்ளைகளுக்குக் கிடைப்பதும் அதுதான்: நாள் முழுக்க யாராவது நம்மைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பது. பெரியவர்களிடம் யார் பேசுகிறார்கள்? உரக்கக் கத்துகிறார்கள், கையைக் காட்டுகிறார்கள், நகர்ந்துவிடுகிறார்கள்.

தங்கச்சி முதலில் தூரத்தில் நின்றாள். கடலைக்குவியல் பக்கம் வருவாள், போவாள். ஒருநாள் மத்தியானம் அந்த அம்மா சோற்றுப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டு, "பசிக்கிதா, சாமி?" என்று கேட்க நினைத்து எதையோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று எங்களுக்கே புரியவில்லை. எழுத்தில் கொண்டுவர முடியாத உச்சரிப்பு. தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் நிற்கவில்லை.

"ஐயோ, அப்படி இல்ல. ப-சிக்-குதா."

அந்த அம்மா சொன்னாள்.

"ம்ஹூம். மறுக்கா சொல்லு."

சொன்னாள்.

"மறுக்கா."

எத்தனை மறுக்கா என்று நான் எண்ணவில்லை. சோறு ஆறிப்போனது. தங்கச்சி குவியலைச் சுற்றி வந்து, அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, வாயை எப்படித் திறக்க வேண்டும் என்று காட்டினாள். அவளைப் பார்த்துச் சிரித்த ஊர் அது. அவள் யாரையும் பார்த்துச் சிரிக்க அன்றைக்கு வரை வழி இருந்ததில்லை. பெரியத்தை எழுந்து எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். எருமைக்குத் தண்ணீர் காட்டும் நேரம் அது இல்லை.

அதற்குப் பிறகு தங்கச்சி தினமும் பாடம் எடுக்கப் போனாள். கண்டிப்பான வாத்தியார். நீலக் குவளையில் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு, தப்புச் சொன்னால் கொஞ்சம் தெளிப்பாள். சில நாளில் ஷெட்டிலேயே தூங்கிவிட்டாள். அந்த அம்மாவின் தமிழ் ஒருபோதும் நன்றாக இல்லை. பசி, தூக்கம், வலி, பயம், வா, பக்கத்தில் உட்கார், அழாதே, இவ்வளவுதான். ஒரு பிள்ளையை வளர்க்க இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நோம்பி சாட்டுவதற்கு முந்தின நாள் மூத்தவர் வந்து கேட்டார். தங்கச்சி ஒரு கையில் குவளையும் மறு கையில் அந்த அம்மாவின் விரலுமாக நின்றாள். "அம்மாவுக்கு ரயில்ல பாதை கேக்கத் தெரியாதுங்க. நான் போவோணுமுங்க" என்றாள். தன் மொழி மறந்த பிள்ளை, மறந்துவிட்ட ஊருக்கு வழிகாட்டப் புறப்பட்டது. மூத்தவர் சிரித்துவிட்டார். அப்பாரு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கதவுக்குப் பிறகு அப்பாரு பெரியத்தையோடு பேசவில்லை. சோறு வேண்டுமென்றால் என்னை விட்டுச் சொல்லச் சொல்வார். அவள் பக்கத்தில்தான் நிற்பாள். கட்டிலில் விழுந்து அவள் கையால் கஞ்சி குடித்த நாட்களிலும் ஒரு வார்த்தை பேசவில்லை. வயதானவர்களுக்கு வேற்று மொழி வராது என்று சொன்னவர், சொந்த மகளோடு சொந்த மொழியில் பேசாமலே செத்தார். இதற்கு வயது காரணமா என்று உங்கள் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிக்கு மராத்தி திரும்பி வந்தது. தமிழ் போய்விட்டது. பிள்ளைகளின் மண்டை ஈர மண்தான், பொருளாளர் சொன்னது சரி. ஈர மண்ணில் எழுதியதை யார் வேண்டுமானாலும் அழித்துக்கொள்ளலாம் என்பதை அவர் சொல்லாமல் விட்டார். பெரியத்தையுடையது காய்ந்த மண்டை. அதில் ஏறியது இறங்கவில்லை. நெடுங்காலம் இருந்தாள். என் பேர், தன் பேர் எல்லாம் குழம்பிய பிறகும் கோழியை மராத்தியில்தான் விரட்டினாள்.

அவள் போனபோது தங்கச்சிக்குச் சொல்லி அனுப்பினேன். வருவாள் என்று நினைக்கவில்லை. எடுக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்து இறங்கினாள். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. காதில் அதே துளையில் தோடு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பெரியத்தையின் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். காதோரம் குனிந்து பேசினாள். அழவில்லை, ஒப்பாரி இல்லை, கதை சொல்வதுபோல நீளமாக, நிதானமாகப் பேசினாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். சுற்றி நின்றவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அதை எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் பாடையில் படுத்திருந்தாள்.

அப்புறம் நான் தங்கச்சியிடம் ஆங்கிலத்தில் கேட்டேன், என்ன சொன்னாய் என்று. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அது ஆங்கிலத்தில் சொல்லக்கூடியது இல்லை.

அப்போது பணியில் இருந்தேன், நேரமில்லை. இப்போது அந்தச் சாக்கும் ஓய்வு பெற்றுவிட்டது. வாரம் ஒருமுறை போனில் தங்கச்சி பாடம் எடுக்கிறாள். நான் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் அவள் சிரித்து முடித்துவிடுகிறாள். பிறகு மராத்தியில், "மறுபடி சொல்லுங்கள் அக்கா" என்கிறாள். அந்த ஒன்று எனக்கு இப்போது புரிகிறது. அன்று பெரியத்தையின் காதில் என்ன சொன்னாள் என்று கேட்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை. வரும்.

கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னீர்கள். வருகிறேன். சிரிப்பு மிச்சம் வைத்திருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.